விசாகம் மூணாம் பாதம், ‘தே’ எழுத்து: பொருள் சரியா இருக்கற சமஸ்கிருதப் பேரு வேணுங்க

கோபிக்காரன்

வணக்கமுங்க. பெண் குழந்தைக்குப் பேரு தேடறோம். விசாகம் 3ஆம் பாதம், துலாம் ராசி. ஜாதகம் எழுதினவரு ‘தே’யில ஆரம்பிக்கச் சொல்லியிருக்காரு. தோதா அமையலைன்னா அதே நட்சத்திரத்தோட தி, து, தோ வெச்சாலும் பரவாயில்லைங்கறாரு. சமஸ்கிருதப் பேரா இருக்கோணும், கேக்க அழகா இருக்கோணும், அர்த்தம் தெரிஞ்சு வெக்கோணும்னு வீட்டுல எல்லாரும் ஒரே பேச்சு.

இணையத்துல இருந்து சேர்த்த பட்டியல் இது: தேவிகா, தேவான்ஷி, தேஜஸ்வி, தியா, திதிக்ஷா, துஷ்டி, தோஷிகா. தியாவுக்கு ஒரு தளத்துல ‘ஒளி’, இன்னொண்ணுல ‘கருணை’ன்னு போட்டிருக்குது. தோஷிகாவுக்கு ‘மகிழ்ச்சி’ங்கறாங்க, வீட்டுப் பெரியவங்களோ தோஷம்னு வருதேன்னு முகம் சுளிக்கறாங்க. இதுல எது நெசம்? வேற நல்ல சொல்லு இருந்தா, எந்த வேர்ல இருந்து வருதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. குழந்தையோட அப்புச்சி வாயில நுழையற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.

நொய்யல்கரை

மொதல்ல எழுத்தைச் சரி பண்ணிக்கலாமுங்க. உங்க பட்டியல்ல பாதி அங்கயே கழிஞ்சுரும்.

நட்சத்திரப் பாத எழுத்துகள் சமஸ்கிருத ஒலிகளை வெச்சு வகுத்தது. அங்க ‘த’ நாலு உண்டு. நம்ம ஸ்தோத்திரப் புத்தகங்கள்ல த, த², த³, த⁴ன்னு மேல நம்பர் போட்டு அச்சடிக்கறது இதுக்குத்தான். நம்பர் இல்லாத த, ‘பத்து’ல வர்ற ஒலி. த³, ‘பந்து’ல வர்ற ஒலி. த²வும் த⁴வும் அதே ரெண்டு ஒலியை மூச்சை அழுத்தி விட்டுச் சொல்றது.

விசாகத்தோட நாலு பாதம்: தி, து, தே, தோ. எல்லாமே நம்பர் இல்லாத த. ரேவதியோட நாலு பாதம்: தே³, தோ³, ச, சி. தமிழ்ப் பஞ்சாங்கத்துல ரெண்டுக்கும் வெறும் ‘தே, தோ’ன்னுதான் இருக்கும். அதனால விசாகக் குழந்தைக்கு தே³வி, தே³விகா, தே³வயானி, தே³வாம்ஶீன்னு வெச்சுடறாங்க. அதெல்லாம் ரேவதி எழுத்து. எழுத்துக்காகத்தான் தேடறோம்னா அந்த எழுத்தாவது சரியா இருக்கோணுமில்லைங்களா?

உங்க பட்டியலுக்கு வர்றேன்.

தேவிகா, தேவான்ஷி: ரெண்டும் த³. பொருள்ல தப்பில்ல (தேவான்ஷி = தே³வ + அம்ஶ, தெய்வத்தின் கூறு), பாதம்தான் தப்பு.

தியா: இது சமஸ்கிருதமே இல்லைங்க, இந்தி. தீ³பங்கற வடசொல் தேய்ஞ்சு தி³யா ஆச்சு, அகல்விளக்குன்னு பொருள். ‘ஒளி’ங்கறதுல பாதி உண்மை இருக்குது. ‘கருணை’ங்கறது த³யாங்கற வேற சொல்லு. எப்படிப் பாத்தாலும் த³ தான், விசாகத்துக்கு ஆகாது.

தேஜஸ்வி, திதிக்ஷா: எழுத்து சரி.

துஷ்டி: நல்ல த, நல்ல பொருளும்கூட. துஷ்ங்கற வேர்ல இருந்து வந்த ‘மனநிறைவு’. ஆனா தமிழ் எழுத்துல போட்டா து³ஷ்ட (கெட்ட) பக்கம் காது போகுது. தெக்கத்திச் சீமையில துஷ்டின்னா இழவு, ‘துஷ்டி கேக்கப் போறோம்’பாங்க. விட்டுருங்க.

தோஷிகா: இதுவும் அதே துஷ் வேர். தோஷ = மகிழ்ச்சி, தோ³ஷ = குற்றம். ‘சந்தோஷம்’ங்கற சொல்லுல இருக்கறது அந்த நல்ல தோஷ தான் (ஸம் + தோஷ). மெல்லினத்துக்குப் பின்னாடி வர்ற த-வை நாம ‘பந்து’ மாதிரி சொல்றதால நம்ம வாயில அது மாறிப்போச்சு. தளம் சொல்ற பொருள் சரி, பெரியவங்க சங்கடமும் நியாயம். செவ்வாய் தோஷம் பேசற ஊர்ல அந்தப் பேரோட ஒரு பொண்ணு இருபது வருஷம் விளக்கம் சொல்லிட்டிருக்க முடியாது.

இந்த நம்பர் விஷயம் எத்தனை தூரம் போகும்னு தெரிய ரெண்டு உதாரணம். தாரா = விண்மீன். தா⁴ரா = ஒழுக்கு, நீர்த்தாரை, கத்தியோட கூர் விளிம்பு. கல்யாணத்துல ‘தாரை வார்க்கறது’ இந்த தா⁴ரா. தா³ர = மனைவி, நம்ம ‘தாரம்’. (மனைவியைக் குறிக்கற அந்தச் சொல்லு சமஸ்கிருத இலக்கணத்துல ஆண்பால், அதுலயும் பன்மையில வரும். அது ஏன்னு கேட்டா தனித் திரி போடோணும்.) மூணும் தமிழ்ல ஒரே எழுத்து.

இன்னொண்ணு மோசமான கண்ணி. வந்த்³யா = வணங்கத்தக்கவள். வந்த்⁴யா = மலடி. நம்பர் இல்லாம எழுதினா ரெண்டும் ‘வந்த்யா’. யாராச்சும் இந்தப் பேரை அழகா இருக்குதுன்னு சொன்னா, தயவுசெஞ்சு நாகரியில (இந்தி, சமஸ்கிருதம் எழுதற எழுத்து) எழுதிக் காட்டச் சொல்லுங்க.

மத்த நட்சத்திரக்காரங்களும் படிக்கறதால ஒரு வார்த்தை. அசுவினிக்கு சு, சே, சோ, லா: இது ‘பச்சை’யில வர்ற ச. சதயத்துக்கு கோ³, ஸ, ஸி, ஸு. அசுவினிக் குழந்தைக்கு ‘சுமதி’ வெச்சா அது ஸுமதி, சதயத்து எழுத்து. அஸ்தம் 3ஆம் பாதம் ‘ண’, திருவாதிரை 3ஆம் பாதம் ‘ங’. அந்த எழுத்துகள்ல பேராகக்கூடிய சொல்லே கெடையாது, பக்கத்துப் பாதத்து எழுத்தைத்தான் எடுக்கோணும்.

கிரந்தப்பிரியர்

எழுத்து தெளிவாகிவிட்டதால் சொற்களுக்குப் போகலாம். விசாகத்தின் தகர வரிசையில் சொல் குறைவுதான், ஆனால் இருப்பவை கனமானவை.

‘தே’ என்றால் தேஜஸைச் சுற்றித்தான் வரமுடியும். வேர் திஜ், ‘கூர்மையாக இரு’ என்று பொருள். தேஜஸ் என்பதற்கு அகராதி முதலில் சொல்வது ஒளி அல்ல. ஆயுதத்தின் கூர்முனை, தீக்கொழுந்தின் நுனி. அங்கிருந்துதான் சுடர், பொலிவு, ஆற்றல், எதிரே நிற்பவரைத் தலைதாழ்த்தச் செய்யும் கம்பீரம் என்று விரிகிறது. ‘தேஜஸ் = பிரகாசம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் பட்டியல்கள் அந்தக் கூர்மையைத் தவறவிட்டுவிடுகின்றன. தீக்ஷ்ண (கூரிய) என்பதும் இதே வேர்.

இதிலிருந்து பெண்பால் பெயர்களை ஆக்கும் முறையைக் கவனியுங்கள், பிழை நடப்பது இங்கேதான்.

தேஜஸ்வி என்பது ஆண்பால். தேஜஸ் + வின் = தேஜஸ்வின்; அதன் ஆண்பால் எழுவாய் வடிவம் தேஜஸ்வீ. பெண்பால் வேண்டுமானால் தேஜஸ்வினீ. யஶஸ்வி–யஶஸ்வினி, மனஸ்வி–மனஸ்வினி எல்லாம் இந்த அச்சு. அஸ் என்று முடியும் சொற்களோடும் மாயா, மேதா⁴, ஸ்ரஜ் ஆகியவற்றோடும் இந்த ‘வின்’ சேரும் என்று பாணினி தனிச்சூத்திரமே வைத்திருக்கிறார். இன்று வட இந்தியாவில் தேஜஸ்வி பெண்களுக்கும் வைக்கப்படுகிறது. வழக்கு அது, இலக்கணம் இது. (தபஸ்வினி வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: தவம் செய்பவள் என்பதோடு, நாடகங்களில் ‘பாவம், இரங்கத்தக்கவள்’ என்ற பொருளிலும் அந்தச் சொல் வரும்.)

தேஜோமயீ: ஒளியே வடிவானவள். ‘மய’ விகுதியின் பெண்பால் மயீ, மயா அல்ல. சின்மயி சரி, பெண்ணுக்குச் சின்மயா சரியில்லை. தேஜஸ் இங்கே தேஜோ ஆனதற்குக் காரணம், பின்னால் ம போன்ற அதிரும் ஒலி வந்தால் ‘அஸ்’ ஓகாரமாகும் என்ற சந்தி. மனஸ் + ஹர = மனோஹர, தபஸ் + வன = தபோவன. யஶோதா³வும் அப்படித்தான்: யஶஸ் + தா³, புகழைத் தருபவள். ‘தேஜாமயி’ என்று எழுதியிருக்கும் தளத்தை மூடிவிடலாம்.

தேஜஸ்ரீ பரவலாக இருக்கிறது. ‘தேஜா’ என்று தனியாக நிற்பது பேச்சுக் குறுக்கம். தேஜஸ் நபும்சகச் சொல் (ஆண்பாலும் அல்ல, பெண்பாலும் அல்ல), ஆகாரத்தில் முடியும் பெண்பால் அதற்கு இயல்பாக வராது.

‘தி’ எழுத்துக்குப் போனால் திதிக்ஷா. பட்டியலில் இருக்கும் சொற்களிலேயே நயமானது இதுதான் என்பேன். இதுவும் அதே திஜ் வேர்! ஆசைப்பொருள் காட்டும் ‘ஸன்’ விகுதி சேர்ந்து, முதல் அசை இரட்டித்து, திதிக்ஷா ஆகிறது. ஆனால் ‘கூர்மையாக விரும்புதல்’ என்று பொருள் வராது. இந்த வேரில் அந்த விகுதி ‘பொறுத்தல்’ என்ற பொருளையே தருகிறது. குளிர், வெயில், சுகம், துக்கம் வந்து போகும், அவற்றைத் தாங்கிக்கொள் என்று கீதை இரண்டாம் அத்தியாயத்தில் சொல்லும் இடத்தில் வருவது இதன் வினைவடிவம்தான். வேதாந்தத்தில் சமம், தமம், உபரதி, திதிக்ஷை, சிரத்தை, சமாதானம் என்ற ஆறில் நான்காவது. ‘எல்லாவற்றையும் சகித்துக்கொள்பவள்’ என்று பெண்ணுக்குச் சுமை ஏற்றும் பெயரா இது என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லின் உட்பொருள் அடங்கிப்போதல் அல்ல. பதறாமல், புலம்பாமல் நிற்கும் திடம்.

திலோத்தமா: தில + உத்தமா. அ + உ சேர்ந்து ஓ. மகாபாரதம் ஆதிபருவத்தில், உலகின் சிறந்த பொருள்களிலிருந்து எள்ளளவு எள்ளளவாக எடுத்துப் படைக்கப்பட்டவள். இரண்டு அசுரச் சகோதரர்களை ஒருவரையொருவர் கொல்லவைக்க அனுப்பப்பட்டவள் என்பதையும் தெரிந்துகொண்டு வையுங்கள்.

‘து’வில் துஹின: பனி, உறைபனி. துஹினகி³ரி என்றால் இமயம். துஷாரவும் ஏறக்குறைய அதே பொருள். துங்கா³: உயர்ந்தவள், துங்கபத்ரையின் முதல் பாதி. கேட்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் நம் ஊரில் ‘தூங்கு’ என்று கேலி வரும்.

‘தோ’வில் தோய = நீர். இதை ஒரு வரிசையாகப் பார்த்தால் மொழி எப்படி வேலை செய்கிறது என்று புரியும். நீரைக் குறிக்கும் எந்தச் சொல்லோடும் ஜ (பிறந்தது) சேர்ந்தால் தாமரை, த³ (தருவது) சேர்ந்தால் மேகம், தி⁴ (வைத்திருப்பது) சேர்ந்தால் கடல். ஜலஜம், ஜலத³ம், ஜலதி⁴. அம்பு³ஜம், அம்பு³த³ம், அம்பு³தி⁴. வாரிஜம், வாரித³ம், வாரிதி⁴. நம் பாட்டிமார் பெயர்களான அம்புஜம், பங்கஜம் இரண்டும் இந்த அச்சில் வார்த்தவை (பங்க என்பது மட்டும் நீர் அல்ல, சேறு). அப்படியானால் தோயஜா = தாமரை. எழுத்துப்படி விசாகம் 4ஆம் பாதத்துக்குச் சரியாகப் பொருந்தும். கேட்டுப் பழகாத பெயர், அவ்வளவுதான் குறை.

எழுத்தை விட்டு நட்சத்திரத்தையே பெயரில் வைக்கலாம் என்றால், ராதா⁴. விசாகத்தின் மறுபெயர் ராதா⁴ என்கிறது அமரகோசம் என்ற சமஸ்கிருத நிகண்டு. அடுத்த நட்சத்திரம் அனுஷத்துக்கு அனுராதா⁴ என்று பெயர் வந்ததே ‘ராதைக்குப் பின் வருவது’ என்பதால். ஊரில் அனுஷக் குழந்தைக்கு ராதாவும் விசாகக் குழந்தைக்கு அனுராதாவும் வைத்திருப்பார்கள், நேர் எதிராக. விஶாகா² என்பதே வி + ஶாகா², ‘கிளை பிரிந்தது’.

கோபிக்காரன்

ரொம்ப நன்றிங்க. தேஜஸ்வினி, தேஜோமயி, திதிக்ஷா மூணும் மனசுல நிக்குது. ராதா விசாகம்னு இப்பத்தான் தெரியும்.

இன்னொரு கேள்வி. சொந்தத்துல ரித்விக், கிருத்தி, உபேக்ஷா, விபாவரின்னு தேர்ந்தெடுத்து வெச்சிருக்காங்க. சமஸ்கிருதம் படிக்காதவங்க ஒரு சொல்லோட பொருளைத் தாங்களே எப்படிச் சரிபார்க்கறது? ஒவ்வொரு தடவையும் இங்க வந்து கேக்க முடியாதுங்களே.

ஏட்டுச்சுவடி

முடியும்ங்க, அரை மணி நேர வேலை.

1. தமிழ் எழுத்தை வெச்சுத் தேடாதீங்க. அந்தப் பேரோட நாகரி எழுத்தைக் கண்டுபிடிங்க. பேரு சொன்னவங்களால நாகரியில எழுத முடியலைன்னா, அவங்களுக்கே சொல்லு எதுன்னு தெரியாதுன்னு அர்த்தம்.

2. ஜெர்மனியில கொலோன் பல்கலைக்கழகம் சமஸ்கிருத அகராதிகளை இணையத்துல இலவசமா வெச்சிருக்குது. மோனியர் வில்லியம்ஸ் (1899), ஆப்தே (1890) ரெண்டும் அங்க உண்டு. நாகரியில ஒட்டியே தேடலாம்.

3. அகராதியில சொல்லோட அடிவடிவம்தான் இருக்கும். ‘தேஜஸ்வினி’ன்னு தேடிக் கெடைக்கலைன்னா ‘தேஜஸ்வின்’னு, கடைசியில ன் போட்டுத் தேடோணும். பக்கத்துல பால் குறி இருக்கும், அதைப் பாருங்க.

4. மோனியர் வில்லியம்ஸ்ல ஒரு பொருளுக்குப் பின்னாடி ‘எல்’ங்கற ஆங்கில எழுத்து மட்டும் தனியா புள்ளியோட நின்னா, அந்தப் பொருள் நிகண்டுகள்ல மட்டும் இருக்குது, நூல்கள்ல எடுத்தாண்ட இடம் காட்டலைன்னு அர்த்தம். பேரு தளங்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி ஓரப் பொருளைத்தான் பிடிச்சுத் தொங்கும். ரிக்வேதம், பாரதம், காளிதாசன்னு நூல் பேரு போட்டிருக்கற பொருளை நம்புங்க.

5. எல்லாப் பொருளையும் கடைசி வரி வரைக்கும் படிங்க. முதல் வரி மட்டும் பாத்துட்டு வெச்சா வந்த்⁴யா மாதிரி ஆயிரும். தேஜஸுக்கே வைத்திய நூல்ல விந்துன்னு ஒரு பொருள் உண்டு. அதுக்காக யாரும் அந்தப் பேரை ஒதுக்கறதில்ல, ஆனா தெரிஞ்சிருக்கோணும்.

6. தமிழ்ல ஏற்கெனவே புழங்கற வடசொல்லுன்னா சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் பாருங்க. 1924ல இருந்து 1936க்குள்ள ஆறு தொகுதியா வந்தது, இணையத்துலயும் இருக்குது. தாரைன்னு தேடினா எந்தத் தாரை எந்த மூலத்துல இருந்து வந்துதுன்னு தனித்தனியாப் பிரிச்சுக் காட்டியிருக்கும்.

நீங்க சொன்ன நாலும்:

ரித்விக்: தளங்கள்ல என்னென்னமோ போட்டிருக்கும். நெசமா அது ருத்விஜ். ருது (உரிய காலம்) + யஜ் (வேள்வி செய்), வேள்வி நடத்தற புரோகிதர். கெட்ட பொருள் இல்ல, ஆனா அது ஒரு தொழில்பேரு.

கிருத்தி: இங்க ஒரு மெய்யெழுத்துல பொருளே மாறும். க்ருதி = படைப்பு, கச்சேரியில பாடற கிருதி. கீர்த்தி = புகழ். க்ருத்தி = உரிச்ச தோல்! யானைத்தோல் போர்த்தின சிவனுக்கு க்ருத்திவாசர்னு பேரு வந்தது அதனாலதான். புகழ்னு நெனச்சு கிருத்தின்னு எழுதியிருந்தா இப்பவே கீர்த்தின்னு மாத்திருங்க, படைப்புன்னு நெனச்சிருந்தா ஒரு ‘த்’தை எடுத்துருங்க.

உபேக்ஷா: இது கொஞ்சம் நின்னு பாக்க வேண்டிய சொல்லு. ஈக்ஷ்னா பார்த்தல். முன்னாடி என்ன ஒட்டுதுங்கறதுலதான் எல்லாம் இருக்குது. ப்ரதி + ஈக்ஷா = ப்ரதீக்ஷா, வர்ற வழியைப் பாத்திருத்தல். பரி சேர்ந்தா பரீக்ஷா, சுத்திச் சுத்திப் பாத்துச் சோதிக்கறது. ஸம் சேர்ந்தா ஸமீக்ஷா, முழுசா ஆராயறது. அப சேர்ந்தா அபேக்ஷா, வேண்டி எதிர்பாக்கறது. உப சேர்ந்தா உபேக்ஷா, கண்டும் காணாம விடறது, புறக்கணிப்பு. சாதாரண வழக்குல இதுதான் பொருள். யோகசூத்திரம் 1.33ல மட்டும் மைத்ரீ, கருணா, முதி³தா, உபேக்ஷான்னு நாலு மனநிலை சொல்றப்போ ‘தீயதைக் கண்டு கொதிக்காத சமநிலை’ன்னு உயர்ந்த பொருள் கெடைக்குது, பௌத்தத்துலயும் அப்படித்தான். அதைச் சொல்லித்தான் வெக்கறாங்கன்னா சரி. இல்லைன்னா அந்த நாலுலயே முதி³தா இருக்குதே, அடுத்தவங்க நல்லதைக் கண்டு மகிழறது. அதை ஏன் யாரும் தேடறதில்லைன்னு தெரியல.

விபாவரீ: இது தைரியமா வெக்கலாம். வி + பா⁴, ஒளிர்தல். ஆனா சொல்லுக்குப் பொருள் ‘இரவு’, விண்மீன் நெறஞ்சு மின்னற இரவு. ‘ஒளி’ன்னு மட்டும் சொல்ற தளம் பாதிதான் சொல்லுது.

இரவுன்னதும் ஒண்ணு. பிரதோஷத்துக்கு ‘தோஷத்தைப் போக்கறது’ன்னு பொருள் சொல்றாங்க. அது தோ³ஷா, நெடில் ஆ போட்ட வேற சொல்லு, இரவுன்னு பொருள். ப்ர + தோ³ஷா = இரவோட தொடக்கம், அதாவது அந்தி. கோயில்ல பிரதோஷ பூஜை நடக்கற நேரத்தைப் பாத்தாலே பொருள் தெரியுமே.

காஞ்சிக்கோயில் வாத்தியார்

எல்லாம் சரிங்க. அப்புச்சி வாயில நுழையோணும்னு கேட்டாரே, அதை யாரும் தொடலை.

வடசொல்லைத் தமிழுக்குக் கொண்டாரதுக்கு நம்மகிட்ட ரொம்பப் பழைய முறை இருக்குது. வட எழுத்தை நீக்கி, தமிழ் எழுத்தோட இசைஞ்சு வர்றதுதான் வடசொல்னு தொல்காப்பியம் சொல்லிருச்சு. நன்னூல் பதவியல் கடைசியில எந்த எழுத்து எதுவாகும்னு கணக்காச் சொல்லுது. நடுவுல ஜ வந்தா ச அல்லது ய: பங்கஜம் பங்கயம். ஷ வந்தா ட: விஷம் விடம். க்ஷ வந்தா க்க: பக்ஷம் பக்கம். கடைசி ஆ, ஐ ஆகும்: மாலா மாலை, சீதா சீதை. கடைசி ஈ குறுகும்: கௌரீ கௌரி.

அப்படிப் பாத்தா தேஜஸ் தமிழுக்கு வந்து பல நூற்றாண்டு ஆச்சு. அதுதான் ‘தேசு’. மாணிக்கவாசகர் சிவபுராணத்துல ‘தேசனடி போற்றி’ங்கறது தேசுடையவன் அடி. தேசம்ங்கற நாட்டோட இதைக் குழப்பக் கூடாது, அது தே³ஶம்.

திதிக்ஷா திதிக்கைன்னு ஆகும். ஆனா கிராமத்துல ‘திதி’ன்னு ஆரம்பிச்சாலே தெவசம் கொடுக்கறதுதான் நெனப்பு வரும். அப்புச்சிகிட்ட அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, அவரு மொகத்துல தெரிஞ்சுரும். சொல்லோட பெருமை ஒரு பக்கம், ஊர்க் காது ஒரு பக்கம். நான் ஊர்க் காது பக்கம்.

நம்ம கொங்கு நாட்டுக் கோயில்கள்ல இந்த இரட்டைப் பேரு வழக்கு எவ்வளவு அழகா இருக்குதுன்னு பாருங்க. பேரூர்ல மரகதாம்பிகைன்னும் சொல்லுவாங்க, பச்சைநாயகின்னும் சொல்லுவாங்க. கொடுமுடியில மதுரபாஷிணி, பண்மொழிநாயகி. திருச்செங்கோட்டுல அர்த்தநாரீஸ்வரர், மாதொருபாகர். அர்த⁴ + நாரீ + ஈஶ்வர, பாதி பெண்ணான இறைவன். நாலு த-வுக்கும் நம்பர் போடாம ‘அர்த்த’ன்னு எழுதறதால, அதை அர்த்தம், அதாவது பொருள்னு நெனச்சுக்கறவங்களும் உண்டு. பவானியில ஆத்துப் பேரே ஒரு இலக்கணப் பாடம். பவன்னா சிவன், அவன் மனைவி ப⁴வானீ. இந்திரன்–இந்திராணி, ருத்திரன்–ருத்திராணி, வருணன்–வருணானி எல்லாம் ஒரே விதி. அதே ஆத்துக்குப் பதிற்றுப்பத்துல வானின்னு பேரு. அவினாசி அ + விநாசின், அழிவில்லாதது. சுந்தரர் ‘புக்கொளியூர் அவிநாசியே’ன்னு ஊர்ப் பேரோட சேர்த்தே பாடறாரு.

இப்படி ஒரு பேரை சாமிக்கு ரெண்டு மொழியிலயும் வெச்சுக் கூப்பிடலாம்னா குழந்தைக்கும் வெக்கலாம். ஜாதகத்துல தேஜோமயி, வீட்டுல தேன்மொழி. தேன்மொழியில வர்றது நம்பர் இல்லாத சுத்தமான தே, நெடில். விசாகம் 3ஆம் பாதத்துக்கு அச்சாப் பொருந்துது. அப்புச்சி நாக்கும் சுளுக்காது.

‘தென்றல்’ வெக்கலாமான்னு யாராச்சும் கேப்பீங்க. சமஸ்கிருதத்துல குறில் எ இல்ல, அதனால பாத எழுத்துல ‘தெ’க்கு எடமே இல்ல. ஒத்துக்கற ஜோசியரும் இருக்காங்க, ஒத்துக்காதவங்களும் இருக்காங்க.

கிரந்தப்பிரியர்

வாத்தியாருக்கு ஒரு சின்ன மறுப்பு. திதி (நாள்) என்பது திதி², மூச்சொலி உண்டு. திதிக்ஷாவில் இரண்டு தி-யும் மூச்சொலி இல்லாதவை. தொடர்பில்லாத சொற்கள். ஆனால் அப்புச்சி காதில் நம்பர் விழாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காரணத்துக்காகவே தேஜஸ்வினியை முன்னே வைப்பேன். உச்சரிப்பில் ஒன்று மட்டும் பழக்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் பலர் தேஜஸை ‘தே³ஜஸ்’ என்று, தேவியின் தே³ போலச் சொல்கிறார்கள். தேன், தேங்காய், தேர் என்று சொல்லும் அதே தே-யில் தொடங்கினால் போதும்.

மேட்டூர் ரோடு

பேரு முடிவாச்சுன்னா காகித வேலை பத்தி ஒரு குறிப்புங்க, இதுல கோட்டை விட்டுட்டு அலையறவங்க நிறைய.

பிறப்புப் பதிவுல பேரில்லாம பதிஞ்சிருந்தா, பதிஞ்ச நாள்ல இருந்து 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரைச் சேர்க்கலாம். அதுக்கு மேல போனா தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம். ஒருதடவை ஏறின பேரை மாத்தறது வேற கதை, அரசிதழ் வரைக்கும் போகும். அதனால சேர்க்கறதுக்கு முன்னாடியே தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து ரெண்டையும் தாள்ல எழுதி வெச்சுக்குங்க.

ஆங்கிலத்துல நம்ம ஊர் வழக்கம், த-வுக்கு டி-யோட ஹெச் சேர்ப்போம், வெறும் டி-ன்னா ட. வடக்கே வெறும் டி-யே த-வுக்கும் ட-வுக்கும் பொது, ஹெச் சேர்ந்தா மூச்சொலி த². தேஜஸ்வினிக்கு ஹெச் போட்டா வடக்கத்திக்காரர் வேற மாதிரி படிப்பாரு, போடலைன்னா உள்ளூர்ல யாராச்சும் ‘டேஜஸ்வினி’ம்பாரு. எதுன்னாலும் சரி, ஒண்ணைப் பிடிச்சுக்குங்க. அதே மாதிரி ‘ஸ்வி’க்கு டபிள்யூவா, வி-யா, இதையும் இப்பவே முடிவு பண்ணிருங்க. தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்று, ஆதார் மூணுலயும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கோணும். பாஸ்போர்ட்டுக்குத் தலைப்பெழுத்து மட்டும் போதாது, அப்பா பேரை விரிச்சு எழுதச் சொல்லுவாங்க.

ஶ எழுத்து உள்ள பேரு வெக்கறவங்க (நிஶா, யஶஸ்வினி மாதிரி) கவனிங்க. ஶ யூனிகோடுல 2005ல தான் சேர்ந்துது, எல்லா எழுத்துருவும் காட்டாது. சான்றிதழ்ல ச-வோ ஷ-வோ போடறதுதான் பாதுகாப்பு. தேஜஸ்வினியில ஸ தான், அந்தச் சிக்கல் இல்ல.